காற்று பிரிந்ததா?

ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக்கொண்டு போகிறீர்களாம். பதினான்கு பேர் பெயர் கொடுத்தாயிற்று, பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் மூன்று பேர் ஏறிக்கொள்வார்கள், வழியில் ஆப்பிள் வாங்கிக்கொள்ளலாம் என்று நம் பள்ளித் தோழிகள் குழுவில் காலையிலிருந்து செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மில் ஒருத்தியின் பேத்திக்குக் குடல்வால் ஆபரேஷன். எட்டு வயசுப் பெண். ஆபரேஷன் முடிந்து முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் உங்களுக்குப் போய்ப் பார்த்தாக வேண்டும்.

நான் வரவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்காதீர்கள், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நீங்களும் போகாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அறுபதைத் தொட்ட நமக்கு இதை ஒருத்தி எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கக்கேடு. "அந்தக் காலத்துல ஒரு வீட்டுல ஒண்ணுன்னா ஊரே வந்து நிக்கும்" என்று ஒருத்தி எழுதி, கீழே கைகூப்பும் பொம்மை எட்டுப் போட்டிருக்கிறாள். வந்து நின்றது உண்மைதான். அப்படி ஊரே வந்து நின்ற கட்டிலில் படுத்துக் கிடந்தவள் நான். கொஞ்சம் கேளுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீடு. அப்பா தினமும் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை போய்க் குமாஸ்தா வேலை பார்த்துவிட்டு வருவார். அப்பாவின் அக்காவும் எங்களோடுதான் இருந்தாள். கணவரை இழந்தவள், கல்யாண வயசில் ஒரு மகள். வீட்டுச் சாவி, சாம்பாருக்கு எத்தனை மிளகாய், நான் எந்தப் பாவாடை கட்டுவது, எல்லாம் அத்தை சொன்னபடிதான். அவள் பேச்சுக்கு மறுபேச்சு எங்கள் வீட்டில் கிடையாது. அப்பாவே அவள் எதிரில் நாற்காலியில் உட்கார மாட்டார்.

ஆபரேஷனுக்கு இரண்டு மாதம் முன்னால் அத்தை மகளைப் பெண் பார்க்கக் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்தார்கள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, எதிர்வீட்டில் கடன் வாங்கிய மின்விசிறியைச் சுற்றவிட்டு, பெரிய ஏற்பாடு. நான் உள்ளே உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜியாகத் தின்று தீர்த்திருந்தேன். பெண்ணை அழைத்து வந்து உட்காரவைத்தார்கள். யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியாமல் கூடம் அமைதியாக இருந்தது. அந்த நேரம் பார்த்து நான் குசு விட்டுவிட்டேன். எழுதவே கூடாத வார்த்தையோ? எழுதியாயிற்று. மாப்பிள்ளையின் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மாப்பிள்ளைகூடச் சிரித்தார் என்றுதான் எனக்கு ஞாபகம்.

ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒரு வாரத்தில் கார்டு வந்தது. அத்தை ஜாதகத்தை நம்பவில்லை. என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், தொடையின் உள்பக்கம் கிள்ளித் திருகினாள். "பொம்பளப் புள்ளைக்கு உடம்புலேருந்து ஒரு சத்தம் வெளியில கேக்கக் கூடாது. கேட்டுச்சு, அதோட அந்தக் குடும்பமே நாசம். எம் பொண்ணு வாழ்க்கையை நீ ஊதியே அணைச்சுட்ட" என்றாள். கிள்ளிய இடம் பத்து நாள் பச்சையாக இருந்தது. அதற்கப்புறம் நான் வகுப்பில் தும்மல் வந்தாலும் மூக்கைப் பிடித்து உள்ளேயே அடக்கினேன். ஒன்பது வயசில் ஒரு குடும்பத்தை நாசம் செய்தவள் நான் என்று மனசார நம்பினேன்.

பிறகு வயிற்றுவலி வந்தது. முதல் நாள் அத்தை தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம் பற்றுப் போட்டாள். இரண்டாம் நாள் "அடைச்சிருக்கு" என்று தீர்மானித்து விளக்கெண்ணெய் புகட்டினாள். மூன்றாம் நாள் நான் சுருண்டு விழுந்த பிறகுதான் ரயிலடிக்குப் பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். 'மருந்து வாங்கிட்டு வந்துடலாம்' என்று என்னிடம் பொய் சொல்லித்தான். விளக்கெண்ணெய் விஷயம் கேட்டு டாக்டர் கத்திய கத்தலில் அப்பா ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போடும்போது பேனா நழுவியது. அத்தை மட்டும் அசையவில்லை. "அதுனாலதான் தாங்கினா" என்றாள்.

கண் விழித்தபோது வலி இரண்டாவதுதான். முதலில் தாகம். நாக்கு வாயின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. "தண்ணி" என்றேன். மூக்குக்கண்ணாடி போட்ட அந்த டாக்டர், வார்டு முழுக்கக் கேட்கும் குரலில் அப்பாவிடம் சொன்னார்: "காத்து பிரியட்டும். குடல் வேலை செய்யுதுன்னு அப்பத்தான் நமக்குத் தெரியும். அது வரைக்கும் சொட்டுத் தண்ணி குடுக்கக் கூடாது. காத்து பிரிஞ்சதும் சொல்லுங்க."

சரியான மருத்துவம்தான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதை ஒருத்தர் காதோடு சொல்லக் கூடாதா?

எட்டுக் கட்டில் போட்ட வார்டு அது. பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புக் கட்டில்கள், முதுகில் ஒட்டிக்கொள்ளும் பழுப்பு ரப்பர் ஷீட், தலைக்கு மேல் கண்ணாடிப் பாட்டிலில் குளுக்கோஸ். மூலையில் ஒரு மண்பானை. அதன் அலுமினிய டம்ளரை யாரும் திருடிவிடாதபடி சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். யார் தண்ணீர் குடித்தாலும் சங்கிலி கலகலக்கும். விமானப்படைப் பயிற்சி விமானங்கள் கூரைக்கு மேல் போகும்போது மட்டும் அந்தச் சத்தம் கேட்காது. விமானம் வராதா என்று காத்துக் கிடந்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கேட்டைத் திறப்பார்கள். திறந்ததும் நம் ஜனம் உள்ளே வரும். அப்பாவின் ஆபீஸ் மேலதிகாரி மனைவியோடு, வீட்டுக்காரர் குடும்பம், மாமா மாமி, மாமியின் தங்கை, பால்காரர், என் வகுப்பு டீச்சர். வராவிட்டால் தப்பு. யார் வந்தார், யார் வரவில்லை என்பதை வைத்து நம் வீடுகளில் இருபது வருஷம் சண்டை ஓடும், உங்களுக்கே தெரியும். ஆகவே எல்லோரும் வந்தார்கள். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாதவளுக்கு ஆறு பாட்டில் ஹார்லிக்ஸ் வந்தது. சாத்துக்குடி டஜன் கணக்கில் வந்தது. "அவதான் சாப்பிடக் கூடாதே, வீணாப் போயிடும்" என்று அத்தை உரித்து வந்தவர்களுக்கே கொடுத்தாள். அவர்கள் என் கால்மாட்டில் உட்கார்ந்து சுளையை உறிஞ்சிக்கொண்டே என்னைக் கேட்டார்கள்.

"என்னம்மா, காத்து போச்சா?"

வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிட்டாச்சா என்று கேட்போமே, அந்தச் சுலபத்தோடு கேட்டார்கள். மேலதிகாரி கேட்டார். டீச்சர் கேட்டாள். பால்காரர், "பாப்பாவுக்குக் காத்து போச்சுங்களா சாமி?" என்று அப்பாவைக் கேட்டார். தரை துடைக்க வந்த ஆயா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "இன்னா பாப்பா, இன்னும் ஒண்ணும் வுடலியா? வெக்கம் இன்னாத்துக்கு? ராஜாவா இருந்தாலும் வுட்டுதான் ஆவணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அத்தை அன்பாகக் கேட்டாள். என் நெற்றியைத் தடவிக்கொண்டே, "காத்து போச்சாடா கண்ணு?" என்றாள். அந்த விரல்கள் என் தொடையில் என்ன செய்தன என்று எனக்கு மறந்துவிட்டதா என்ன?

பக்கத்துக் கட்டிலில் ஆறு வயசுப் பெண் ஒருத்தி. வளைந்த காலை நிமிர்த்த ஆபரேஷன் செய்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். அவள் அம்மாவை எல்லோரும் பாயம்மா என்றார்கள். தாம்பரம் மார்க்கெட்டில் அவர்களுக்குப் பெட்டி, பை விற்கிற கடை இருந்தது. அந்த அம்மாதான் நர்ஸிடம் கேட்டுவிட்டு, பஞ்சை நனைத்துப் பிழிந்து என் உதட்டில் ஒற்றுவாள். "இந்தக் கண்ணு பாவமா பாக்குது, என்னால தாங்க முடியல" என்பாள். அத்தை முதல் தடவை பார்த்ததும் முகம் சுளித்தாள். "எந்தத் தண்ணியோ, எந்தப் பாத்திரமோ" என்று என் அம்மாவிடம், அந்தப் பாயம்மாவின் காதில் விழும்படியே சொன்னாள்.

இரண்டாம் நாள் மதியம். அத்தை வீட்டுக்குக் குளிக்கப் போயிருந்தாள், அப்பா ஆபீசில். என் அம்மா என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தாள். நான் அரைத்தூக்கத்தில் இருந்தேன். என்னைக் கேட்காமலேயே அது நடந்துவிட்டது. நல்ல சத்தம். கண்ணைத் திறந்தால் பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "அல்லாவே! காத்து பிரிஞ்சிடுச்சு கண்ணு! டாக்டர் வரட்டும், சொல்லிட்டுத் தண்ணி குடிக்கலாம்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை. ஒருத்தருக்குத் தெரிந்துவிட்டதே என்று.

நாலு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். அத்தை புதுசாகக் குளித்து, திருநீறு பூசி, தலைமாட்டில் வந்து நின்றாள். டாக்டர் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் வயிற்றில் கை வைத்தார்.

"பாப்பா, காத்து போச்சா?"

என்னைச் சுற்றி ஒன்பது தலை. என் கண் அத்தையிடம்தான் போனது. "இல்லை" என்றேன்.

"போச்சுங்க டாக்டர்," என்றாள் பக்கத்துக் கட்டில் அம்மா. "மத்தியானமே போச்சு. என் காதால கேட்டேன்."

அத்தை விருட்டென்று திரும்பினாள். "எங்க வீட்டுப் புள்ள சத்தம் எங்களுக்குத் தெரியாதா? உங்க பொண்ணா இருக்கும், பாருங்க."

"நான் இல்ல! நான் இல்ல!" என்று அந்தச் சின்னப்பெண் மாவுக்கட்டோடு அழ ஆரம்பித்தாள். மேலதிகாரியின் மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தாள். டாக்டர் என் முகத்துக்கு நேரே குனிந்தார். "நீ சொல்லும்மா. நெஜமாச் சொல்லு. நீயா?"

உதட்டில் பஞ்சு ஒற்றிய அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல், "நான் இல்லை" என்றேன்.

அவள் திரும்பி, மகளைச் சமாதானப்படுத்தப் போய்விட்டாள். என் அம்மா குனிந்து, ஏற்கனவே மடித்திருந்த துண்டை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்று போய்விட்டார். மூலையில் சங்கிலி கலகலத்தது. மாமாதான் தண்ணீர் குடித்தார்.

அதன் பிறகு நான் முழு மூச்சாக அடக்கினேன். தையல் போட்ட வயிற்றை இறுக்கி அடக்கினால் எப்படி இருக்கும் என்று உங்களில் ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் வயிறு ஊதிவிட்டது. தொட்டால் கத்தினேன். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார், தட்டிப் பார்த்தார், அப்பாவை வெளியே கூட்டிக்கொண்டு போனார். கதவுதான் திறந்திருந்ததே. "குடல் அடைப்பா இருக்குமோன்னு பயமா இருக்கு. இங்க வசதி பத்தாது. பட்டணத்துல பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே கொண்டுபோங்க. மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருக்கும்" என்றார். அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார்.

மறுபடி வயிற்றை அறுப்பார்கள். அது எனக்குப் புரிந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அறுக்க மாட்டார்கள். அதுவும் புரிந்தது. ஆனால் அந்த வார்த்தையை அத்தை எதிரில் சொல்வதைவிட அறுபடுவது மேல் என்று எனக்குத் தோன்றியது. ஒரு குழந்தைக்கு அப்படித் தோன்றும்படி வளர்த்திருந்தார்கள். ஊரே வந்து நின்றதே, அந்த ஊரில் ஒருத்தருக்காவது எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளைத் தனியாகக் கேட்போம் என்று தோன்றியதா?

அம்பாசடர் டாக்ஸி வந்தது. முன்னால் அப்பாவும் மாமாவும். பின்னால் அம்மா மடியில் என் தலை, அத்தை மடியில் என் கால். குளுக்கோஸ் பாட்டிலை மாமா திரும்பி உட்கார்ந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். குரோம்பேட்டை தாண்டும்வரை அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்னவோ சொல்ல வாயெடுப்பாள், அத்தையைப் பார்ப்பாள், தடவுவாள். அத்தை சத்தமாகக் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். பல்லாவரம் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. முந்தின நாளிலிருந்து நான் பிடித்து வைத்திருந்தது அவ்வளவும் அந்தக் குலுக்கலில் போனது.

டிரைவர் வண்டியை ஓரம்கட்டிவிட்டார். "டயரு புட்டுகிச்சா சார்?" என்று இறங்கப் போனார்.

அத்தை ஒரு கணம் வாயைத் திறந்தபடி இருந்தாள். பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்கி, "முருகா! எங்க கண்ணு காத்து விட்டுடுச்சு!" என்று கத்தினாள். அப்பா அழுதார். மாமா பாட்டிலை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். அத்தை என் காலைப் பிடித்து முத்தம் கொடுத்தாள், கிள்ளிய அதே காலை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவர்கள் யாரும் வேண்டாம், இந்த வண்டியோடு போய்விட வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். முதல் ஸ்பூனில் மண்பானை வாசம் அடித்தது. அதற்கப்புறம் அந்த ருசியில் நான் எதையும் குடித்ததில்லை. நான் குடிப்பதைப் பக்கத்துக் கட்டில் அம்மா பார்த்தாள். நடந்தது அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும், அத்தை வாசலிலிருந்தே அறிவித்துக்கொண்டு வந்தாளே. அந்த அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது, அவள் எல்லாக் கட்டிலுக்கும் போய் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்துவிட்டு வந்தாள். என் கட்டிலுக்கு வரவில்லை. அந்தக் கடையின் இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள்.

டாக்ஸிக் கதையை அத்தை ஆயுள் முழுக்கச் சொன்னாள். சீமந்தத்தில் சொன்னாள், கிரகப்பிரவேசத்தில் சொன்னாள், என் கல்யாணப் பந்தியில் சம்பந்திகளிடம் நடித்தே காட்டினாள். உங்களில் பாதிப் பேர் அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவர்கள்தான். அத்தை செத்தபோது நான் அழவில்லை. ஏன் என்று அப்போது கேட்டீர்கள், இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவும் எழுத இன்னொரு காரணம் இருக்கிறது. காலையில் உங்கள் வேன் செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுபத்தெட்டு வயசில் செம்பாக்கத்தில் என்னோடுதான் இருக்கிறாள். அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தவள், "நானும் வர்றேண்டி. போகலேன்னா என்ன நினைப்பாங்க?" என்றாள்.

"நான் பட்டது போதாதா?" என்று எரிந்து விழுந்தேன்.

அம்மாவுக்கு டாக்ஸி ஞாபகம் வந்துவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு, "அந்தப் பாயம்மாதான் பாவம். அவங்க உள்ளதைத்தானே சொன்னாங்க" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் கேட்டுச்சே. கட்டிலுக்குக் கீழதானே படுத்திருந்தேன்."

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. "கேட்டுச்சுன்னா ஏம்மா சொல்லல?"

"அண்ணி அப்படிச் சொன்னதுக்கு அப்புறம் நான் எப்படிச் சொல்றது? அவங்களைப் பொய்யாக்கின மாதிரி ஆயிடாதா? நீயும் இல்லேன்னுட்ட. டாக்டர் மறுபடி கேட்டா நீயே சொல்லிடுவேன்னு இருந்தேன்."

"டாக்ஸியிலயாவது?"

"பல்லாவரம் வரைக்கும் வாய் வரைக்கும் வந்துச்சுடி."

"என்னை மறுபடி அறுத்திருப்பாங்கம்மா," என்று கத்தினேன். "எனக்கு ஒன்பது வயசு!"

அம்மா கையிலிருந்த அவரைக்காயை முறத்தில் வைத்தாள்.

"எனக்கு இருபத்தேழு," என்றாள்.